உப்புக்காற்றில் விளையாட்டு கேசட்டுகளையும் டிஸ்க்குகளையும் காப்பது: கீழக்கரைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே கவலை உள்ள மற்றவர்களும் இதைப் படிக்கக்கூடும். கீழக்கரையில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி உங்கள் வீடு இருக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் உங்கள் காக்கா (அண்ணன்) ஊருக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்து சேர்த்த ஏறத்தாழ 150 விளையாட்டுகள் இப்போது உங்கள் பொறுப்பில் உள்ளன. பிளேஸ்டேஷன் 1, 2, 3 டிஸ்க்குகள், கேம் பாய் கேசட்டுகள், பிஎஸ்பி என்ற கையடக்கக் கேம் கருவி ஒன்று, சிறு வயதில் வாங்கிய டிவி கேமும் அதன் மஞ்சள் கேசட்டுகளும் அதில் அடக்கம். சில கேசட்டுகளின் பின்களில், அதாவது கருவிக்குள் செருகும் உலோகப் பட்டைகளில், பச்சை படிந்திருக்கிறது, போக்கிமான் கோல்டு என்ற கேம் பாய் கேசட் சேமித்து வைத்த ஆட்டத்தை இழந்துவிட்டது, கையேடுகளில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருக்கிறது, இரண்டு டிஸ்க்குகளை விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசித்துளைகள் தெரிகின்றன. எல்லாவற்றையும் ஏசி அறைக்கு மாற்றி, பீரோவில் அந்துருண்டை போட்டுவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. அந்துருண்டை கூடவே கூடாது. ஏசி அறையும், நீங்கள் நினைத்திருக்கும் முறையில், நன்மையைக் காட்டிலும் கெடுதலையே அதிகம் செய்யும். நான் பாம்பனில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே பொருட்களை வைத்துக் காத்துவருபவன். தொடக்கத்தில் நீங்கள் கேட்ட இரண்டையுமே செய்து, இழந்து, பிறகு கற்றுக்கொண்டவன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சேகரிப்பைப் பாதுகாப்பது பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் அறிவுரைகள் பெரும்பாலும் கீறலையும் தூசியையும் வெயிலையும் சுற்றியே இருக்கும். நம் கரைக்கு அவை இரண்டாம் இடம்தான். இங்கே முதல் எதிரி உப்பு. உங்கள் வீட்டு அடுப்படியில் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். மத்தியானத்தில் பொலபொலவென்று இருக்கும் உப்பு, விடிகாலையில் கசிந்து ஈரமாக இருக்கும். சோடியம் குளோரைடுக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்து உப்புநீராகிவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் காய்ந்து பொடியாகும். நம் கரையில் இந்த 75 என்ற கோட்டைக் காற்று ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் தாண்டுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களானாலும் வாடைக் காற்று வீசும் மாதங்களானாலும், கடலிலிருந்து வரும் நுண்ணிய உப்புத்துகள் ஜன்னல் வழியே வந்து தூசியோடு தூசியாகப் படிகிறது. பகலில் வெறும் தூசியாகத் தெரிவது இரவில் மின்சாரத்தைக் கடத்தும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலமாகிறது. கேசட்டின் பின்களில் இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது. அதன் நுண்துளைகள் வழியே இந்த உப்புநீர் அடியிலுள்ள நிக்கலுக்கும் செம்புக்கும் போய்ச் சேர்கிறது. நீங்கள் பார்த்த பச்சை, தேய்க்காமல் விட்ட செம்புக் குடத்தில் பிடிக்கும் அதே களிம்புதான்.

இந்தக் காற்றின் வலிமை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை ஆண்டு முழுவதும் சுரண்டிப் பெயிண்ட் அடித்தே காப்பாற்றி வந்தார்கள். அப்படியும் தூக்குப் பாலப் பகுதி துருவேறிப் பலவீனமானதால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் தனிவகைப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இரும்புப் பாலத்தையே அரிக்கும் காற்று, முடியளவு தடிமன்கூட இல்லாத ஒரு தங்கப் பூச்சை விட்டுவைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: அறையைக் காக்க முயலாதீர்கள், பெட்டியைக் காத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு அறையின் ஈரத்தை இருபத்து நான்கு மணி நேரமும் அடக்கிவைப்பது நம் ஊரில் பெரும் செலவு. மின்சாரம் போனால் அன்றே குலைந்துவிடும். ரப்பர் விளிம்பு உள்ள, இறுக மூடும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தை நிலையாக வைத்திருப்பது மிக எளிது. இந்த அளவை நானாகச் சொல்லவில்லை. டிஸ்க்குகளைப் பேணுவது குறித்து அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டி, நீண்ட காலச் சேமிப்புக்கு 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் என்று கூறுகிறது. அந்த வெப்ப அளவு கீழக்கரையில் நடக்கிற காரியமல்ல. ஈரப்பத அளவு நடக்கும். 30 சதவீதத்துக்குக் கீழே மட்டும் இறக்க வேண்டாம், ஏனெனில் அட்டைப்பெட்டியும் கையேடும் மொடமொடத்து ஒடியத் தொடங்கும்.

முதலில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானிகள் இரண்டு மூன்று வாங்குங்கள். மலிவான கருவிகள் பத்து சதவீதம்கூடத் தவறாகக் காட்டும், அதைச் சரிபார்க்க நம் ஊர் உப்பே போதும். மேலே சொன்ன அதே குணம் இங்கே உதவிக்கு வருகிறது. ஒரு பாட்டில் மூடியில் ஒரு கரண்டி உப்பைப் போடுங்கள். வாலிநோக்கத்து உப்பளத்து உப்பானாலும் சரி, கடையில் வாங்கிய பொடியுப்பானாலும் சரி. அதில் சில சொட்டு நீர் விட்டு, கரைந்து ஓடாமல் ஈர மணல் பதத்துக்குக் குழைத்துக்கொள்ளுங்கள். அந்த மூடியையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத சிறு டப்பாவுக்குள் ஒன்றையொன்று தொடாமல் வைத்து மூடி, ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் டப்பாவைத் திறக்காமலேயே பாருங்கள். சரியான கருவி 75 என்று காட்டும். 70 என்று காட்டினால் அந்தக் கருவி எப்போதும் 5 குறைத்துச் சொல்கிறது என்று கொண்டு, அதன் முதுகில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். என் வீட்டிலுள்ள ஆறு கருவிகளில் நான்குக்கு இப்படிச் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்ச சிலிகா ஜெல்தான் நல்லது. 30 லிட்டர் பெட்டிக்கு நான் 300 கிராம் அளவில் துணிப்பையில் கட்டி வைக்கிறேன். ஈரமானால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது உடம்புக்கு நல்லதல்ல. ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகையைக் கேட்டு வாங்குங்கள். முதல் சில வாரங்களில் மணிகள் மிக விரைவாக நிறம் மாறுவதைக் கண்டு பெட்டி ஒழுகுகிறது என்று எண்ணிவிட வேண்டாம். 30 லிட்டர் காற்றில் இருக்கும் நீர், நம் ஊர் ஈரத்தில்கூட, ஒரு கிராமுக்கும் குறைவு. உண்மையான நீர் முழுவதும் கையேடுகளிலும் அட்டைகளிலும் ஊறிக் கிடக்கிறது. அந்தக் காகிதம் காய்ந்து முடியும்வரை சிலிகா நிறைந்துகொண்டே இருக்கும். நிறைந்த மணிகளை ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மீண்டும் வேலை செய்யும்; மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் முழுமையாக மீளாது. பீரோவில் தொங்கவிடுகிற, அடியில் நீர் சேரும் ஈர உறிஞ்சிப் பைகளைக் கேம் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. அவற்றில் இருப்பது கால்சியம் குளோரைடு. சேரும் அந்த நீர் செறிந்த உப்புக்கரைசல். பை ஒருமுறை கசிந்தால் கடல்நீரில் முக்கி எடுத்ததற்கு ஒப்பாகிவிடும். கொஞ்சம் செலவு செய்ய முடியுமானால், கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் லென்ஸ் வைக்கும் மின்சார உலர் அலமாரி ஒன்றை வாங்கி, மிக அரிய கேசட்டுகளை மட்டும் அதில் 45 சதவீதத்தில் வைக்கலாம்.

இப்போது ஏசி அறை. அறையைப் பகலும் இரவும் விடாமல் குளிரூட்டினால் நல்லதுதான். இரவில் மட்டும் ஏசி போட்டுக் காலையில் ஜன்னலைத் திறந்துவிடும் வீட்டில் நடப்பது வேறு. வெளியே 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று ஏறத்தாழ 27 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பொருளின் மீதும் நீராகப் படியும். உங்கள் கேசட்டும் கேம் கருவியும் இரவு முழுவதும் 24 டிகிரியில் இருந்திருக்கின்றன. ஜன்னலைத் திறந்த மறுநிமிடம், ஐஸ் நீர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப்போல அவற்றின் உள்ளேயும் வெளியேயும் வியர்க்கும். ஏற்கெனவே படிந்திருக்கும் உப்புக்கு அதைவிட நல்ல தருணம் கிடைக்காது. ஏசி அறையில்தான் வைத்தாக வேண்டும் என்றால் மூடிய பெட்டியில் வையுங்கள், வெளியே எடுக்கும்போது பெட்டியைத் திறக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, உள்ளிருப்பவை அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறவுங்கள்.

அந்துருண்டையைப் பற்றி நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் என் கையிலேயே இருக்கிறது. பழைய பிளேஸ்டேஷன் 1 விளையாட்டுகள் வரும் மொறுமொறுப்பான சிடி உறை பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. நாஃப்தலின் ஆவி அதை மெல்ல இளக்கும். 2009 வாக்கில் நான் ஒரு டிரங்குப் பெட்டியில் இருபது உறைகளை அடுக்கி, நாலு மூலையிலும் அந்துருண்டை போட்டு, மழைக்காலம் முழுவதும் திறக்காமல் விட்டேன். தையில் திறந்தபோது மூலையிலிருந்த உறைகளின் முகப்பு மங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் பிசின் போல இழுத்தது. உறைகளை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரு கையேட்டின் அட்டை அந்த உறையோடு ஒட்டிக்கொண்டு கிழிந்தது. அதை இன்றும் அப்படியே வைத்திருக்கிறேன். பூச்சிக்குப் பயமென்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் ஏட்டுக்கும் புத்தகத்துக்கும் வைத்த முறை போதும்: நன்றாகக் காய்ந்த வசம்புத் துண்டும் வேப்பிலையும் ஒரு மெல்லிய துணியில் கட்டி, காகிதத்தைத் தொடாமல் ஒரு மூலையில் வைக்கலாம். உண்மையில், பெட்டிக்குள் ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காகிதத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சி பெருகாது, பூஞ்சணமும் பிடிக்காது. இரண்டுக்கும் ஈரம்தான் சோறு.

கேசட்டுகளுக்கு வருகிறேன்; உங்கள் கவலையில் உடனே கவனிக்க வேண்டியது இதுதான். முதலில் ஒன்றை விட்டுவிடுங்கள்: கேசட்டின் வாயில் ஊதுவது. நாம் எல்லோரும் ஊதித்தான் வளர்ந்தோம், ஊதியதும் ஓடியதும் உண்மை. அது ஓடியது மறுபடி செருகியதால். ஊதும்போது போகும் எச்சில் ஈரம் அரிப்பைத்தான் கூட்டும்; கேம் பாயைச் செய்த நிண்டெண்டோ நிறுவனமே ஊதாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். கை கழுவும் சானிடைசரும் ஊசி போடும் முன் துடைக்கும் ஸ்பிரிட்டும் இதற்கு ஆகாது, நீரும் வேறு சேர்மங்களும் அவற்றில் கலந்திருக்கின்றன.

காது குடையும் பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் தொட்டு, சொட்டாமல் பிழிந்து, பின்களின் நீளவாக்கில் உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் இழுங்கள். குறுக்கே தேய்த்தால் ஒரு பின்னின் அழுக்கு அடுத்த பின்னுக்குப் போகும். முதல் குச்சி கன்னங்கரேலென்று வரும், இரண்டாவது சாம்பல், நான்காவதோ ஐந்தாவதோ வெள்ளையாகவே திரும்பும், அங்கே நிறுத்துங்கள். களிம்பு மட்டும் போகாமல் நின்றால், வெள்ளை வினிகரைக் குச்சி முனையில் மட்டும் தொட்டு அந்தப் புள்ளியில் வைத்து, களிம்பு கரைந்ததும் காய்ச்சி வடித்த நீரால் ஒருமுறையும் ஆல்கஹாலால் ஒருமுறையும் துடைத்துவிடுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பது பலருக்குப் பழக்கம். பளபளப்பு வரும், தங்கமும் அதோடு போகும். துருவை இளக்கும் ஸ்பிரே எண்ணெயும் வேண்டாம், அது தூசியைப் பிடித்து வைக்கும். கேசட்டைச் சுத்தம் செய்த அன்றே கேம் கருவியின் செருகுவாயையும் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் அழுக்கு திரும்பி வந்துவிடும்.

உங்கள் டிவி கேமின் மஞ்சள் கேசட்டுகள் 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் என்ற நிண்டெண்டோ கருவியின் 60 பின் அமைப்பைப் பின்பற்றிச் செய்தவை. திறந்தால் சில்லுக்குப் பதிலாகப் பலகையில் ஒரு கறுப்புப் பிசின் பொட்டுத்தான் இருக்கும், அதற்கு அடியில்தான் எல்லாம். அவற்றில் பெரும்பாலும் பேட்டரி இல்லை, எனவே மறந்துபோகவும் எதுவுமில்லை. விலைமதிப்பு இல்லை என்று பலர் அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். நான் போடமாட்டேன், தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை முதன்முதலாகக் கையில் பிடித்த விளையாட்டு அதுதான். பின்களில் பூச்சு மெல்லிசாகவோ இல்லாமலோ இருப்பதால், உப்புக்கு முதலில் பலியாவதும் அவையே. அவற்றுக்கும் பெட்டியில் இடம் கொடுங்கள்.

போக்கிமான் கோல்டு பழுதாகவில்லை, கவலைப்படாதீர்கள். அந்தக் கேசட்டில் சேமித்த ஆட்டம் ஒரு நினைவகச் சில்லில் இருக்கிறது. அதை உயிரோடு வைத்திருப்பது சிஆர்2025 என்ற 3 வோல்ட் வட்டப் பேட்டரி. 1999இல் வெளியான அந்த விளையாட்டு இரவு பகலைக் கணக்கிட உள்ளே ஒரு கடிகாரத்தையும் ஓட்டுகிறது, அதனால் அதன் பேட்டரி மற்றக் கேசட்டுகளைக் காட்டிலும் முந்தித் தீர்ந்துவிடும். போன ஆட்டம் திரும்பாது, ஆனால் பேட்டரியை மாற்றினால் கேசட் பழையபடி சேமிக்கும். நிண்டெண்டோவின் திருகுகளுக்குச் சாதாரண ஸ்க்ரூடிரைவர் பொருந்தாது, 3.8 மில்லிமீட்டர் அளவுள்ள தனிவகை முனை வேண்டும். மாற்றும்போது இரு முனைகளிலும் தகடு பற்றவைத்தே வரும் பேட்டரியை வாங்கி, அந்தத் தகட்டில் மட்டும் ஈயம் வையுங்கள். வெறும் பேட்டரியின் உடம்பில் சூட்டுக்கோலை வைத்தால் அது வெடிக்கக்கூடும். செல்லோடேப் போட்டு ஒட்டிவைக்கும் முறையும் நம் ஊரில் நிலைக்காது. ஈரத்தில் பசை இளகி, அடுத்த மழைக்காலத்துக்குள் தொடர்பு விட்டுப்போகும். இன்னும் உயிரோடு இருக்கும் மற்றக் கேசட்டுகளின் சேமிப்பைக் கேசட் படிக்கும் சிறு கருவி ஒன்றின் மூலம் கணினிக்கு எடுத்த பிறகே பேட்டரியில் கைவையுங்கள். போக்கிமான் ரூபி, சஃபையர் போன்ற பிந்தைய கேசட்டுகளில் சிஆர்1616 பேட்டரி கடிகாரத்துக்கு மட்டுமே; தீர்ந்தாலும் ஆட்டம் அழியாது, அவசரமில்லை.

டிஸ்க்குகளில் எல்லாவற்றையும் நாம் சிடி என்றே சொல்கிறோம், ஆனால் மூன்றும் மூன்று விதமாகக் கட்டப்பட்டவை. மூன்றுக்கும் தடிமன் 1.2 மில்லிமீட்டர்தான். பிளேஸ்டேஷன் 1இன் சிடியில் தகவல் இருப்பது படம் அச்சிட்ட மேல்முகத்துக்கு நேர் அடியில். மெல்லிய அலுமினியப் படலம், அதன்மேல் ஒரு பூச்சு, அதன்மேல் அச்சு, அவ்வளவுதான். அதனால் நாம் அஞ்சிக் காக்கும் கீழ்முகத்தைவிட மேல்முகக் கீறல்தான் சிடிக்கு மரணம். அதில் பேனாவால் பெயர் எழுதுவதும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் கூடாது. டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டி நடுவில் தகவலை வைத்திருக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 2இன் பெரும்பாலான விளையாட்டுகள் இதில் வந்தவை. பிளேஸ்டேஷன் 3 முதல் வந்த ப்ளூ-ரேயில் தகவல் கீழ்முகத்துக்கு வெறும் 0.1 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. அதைக் காக்கக் கடினமான பூச்சு ஒன்று உண்டு. சிடி, டிவிடியின் கீழ்முகக் கீறலை மெருகேற்றும் எந்திரத்தில் சீவி எடுக்கலாம், ப்ளூ-ரேயை அப்படிச் செய்தால் பூச்சே போய்விடும். பற்பசை எதற்கும் வேண்டாம்.

நீங்கள் கண்ட ஊசித்துளைகள், பூச்சின் வழியே ஈரம் புகுந்து அலுமினியம் ஆக்சைடாகி ஒளி ஊடுருவத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். அச்சிடும்போதே விழுந்த துளைகளாகவும் இருக்கலாம். வேறுபாட்டை அறிய ஒரே வழி, இன்றைய தேதியோடு விளக்குக்கு எதிரே பிடித்துப் படம் எடுத்துவைத்து, ஆறு மாதம் கழித்து அதே கோணத்தில் மீண்டும் எடுத்து ஒப்பிடுவது. துளைகள் பெருகினாலோ விளிம்பிலிருந்து பழுப்பாகத் திட்டுப் படர்ந்தாலோ அது அழுகல். அதை மீட்க வழியில்லை. படிக்கும் நிலையில் இருக்கும்போதே கணினியில் ஒரு பிரதி எடுத்து, மற்ற டிஸ்க்குகளிலிருந்து பிரிக்காமலேயே அதையும் உலர்ந்த பெட்டியில் வையுங்கள். அழுகல் தொற்று நோயல்ல, ஈரம்தான் பொதுக் காரணம். துடைக்க வேண்டியிருந்தால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைத்தால் கீறல் தகவல் ஓடும் திசையிலேயே விழுந்துவிடும். உறையிலிருந்து எடுக்கும்போது நடுப் பொத்தானை அழுத்தி எடுங்கள். விளிம்பைப் பிடித்து வளைத்து இழுத்தால் நடுத்துளையில் விரிசல் விழும். விரிசல் விழுந்த டிஸ்க்கைக் கருவியில் ஓட்டவே கூடாது, வேகத்தில் சிதறும். புத்தகம் போல நிமிர்த்தியே அடுக்குங்கள்.

கையேடுகளின் பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். முதலில் சிலிகா போட்ட தனிப் பெட்டியில் இரண்டு வாரம் காயவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வெளித்திண்ணையில் வைத்து மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். பிறகு பாலிபுரொப்பிலீன் உறைகளில் போடுங்கள். கடையில் கிடைக்கும் மெத்தென்ற கண்ணாடி பிளாஸ்டிக் உறை பெரும்பாலும் பிவிசி. அது நாளாவட்டத்தில் பிசுபிசுத்து அச்சு மையை உரித்துக்கொள்ளும். ரப்பர் பேண்டும் வேண்டாம்.

கருவிகளில் முதலில் பிஎஸ்பியை எடுங்கள். அதன் பேட்டரி உப்பி மூடியைத் தள்ளுவது பொதுவான குறை. கழற்றித் தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள். பம்பரம் போலச் சுழன்றால் உப்பிவிட்டது, இனி அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, குத்தவும் கூடாது, மின்கழிவு வாங்குமிடத்தில் ஒப்படைத்துவிடுங்கள். நல்ல பேட்டரியாக இருந்தால் பாதியளவு சார்ஜில் கருவிக்கு வெளியே வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். கேம் பாயில் பென்சில் பேட்டரிகளை விட்டுவைக்காதீர்கள். கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். பிளேஸ்டேஷன்களை மாதம் ஒருமுறை ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள், உள்ளே எழும் சூடு ஈரத்தை விரட்டும். முழுக்கக் குளிர்ந்த பிறகு துணியுறை போட்டு மூடுங்கள். தூசி ஊதப் பஞ்சர் கடைக் காற்றைப் பிடிக்க வேண்டாம், அதில் எண்ணெயும் நீர்த்துளியும் வரும். கேமரா லென்ஸுக்குப் பயன்படும் ரப்பர் பந்து ஊதி போதும். துபாயிலிருந்து வந்த கருவிகள் நம் மின்சாரத்துக்குப் பொருந்தும். யாராவது ஜப்பான் கருவி கொடுத்தால் அது 100 வோல்ட்டுக்கானது, மின்மாற்றி இல்லாமல் செருகிவிடாதீர்கள்.

பெட்டிகளை எங்கே வைப்பது என்பதையும் யோசியுங்கள். 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது உங்களுக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு நாளில் தரையில் வைத்த பொருள் தப்பாது. தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் வையுங்கள், ஆனால் பரணில் வேண்டாம். ஓட்டுக்கும் தளத்துக்கும் அடியில் வெயில் காலத்துச் சூடு டிஸ்க்குகளுக்கு ஆகாது. ஓதம் ஏறிய சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள், நான்கு விரல் இடைவெளி விட்டால் கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.

150 விளையாட்டுகளையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் கருவிகளின் பேட்டரிகளைக் கழற்றுவதும் களிம்பு பிடித்த கேசட்டுகளைத் துடைப்பதும் போதும். பெட்டியும் சிலிகாவும் வந்த பிறகு கையேடுகள், கடைசியாக டிஸ்க்குகள். ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போதே ஒரு நோட்டில் பெயர், நிலை, தேதி மூன்றையும் எழுதி, முன்னும் பின்னும் படம் எடுத்துவிடுங்கள். காக்கா அடுத்த விடுமுறைக்கு வரும்போது தகடு வைத்த சிஆர்2025, சிஆர்1616 பேட்டரிகளில் ஐந்தைந்தும் அந்த 3.8 மில்லிமீட்டர் முனையும் வாங்கிவரச் சொல்லுங்கள். உதிரி லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் போட அனுமதி இல்லை, கையில் எடுத்துவரும் பையில்தான் வைக்க வேண்டும் என்பதையும் அவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.